பதினேழாவது ஓட்டம்

இதை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. பாதி பயம், மீதி வெட்கம். ஆனால் நடந்தது நிஜம்.

புது விமானத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க, ரொம்ப ஆபத்தான சோதனைகளை வானத்தில் செய்ய மாட்டோம். தரையிலேயே நிற்கும் மாதிரி விமானி அறையில், அதாவது சிமுலேட்டரில், செய்வோம். அதை இயக்குவது என் வேலை. உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவர் எங்கள் சோதனை விமானி. எல்லோருக்கும் அவர் கேப்டன். "இங்க விழுந்தா காபி மட்டும்தான்பா சிந்தும்" என்பார்.

வாலில் பனி உறையும் சோதனை. நாற்பது ஓட்டங்கள். பதினேழாவதில் மட்டும் விமானம் மூக்கைத் தூக்கவே இல்லை. திரையில் விழுந்து நொறுங்கியது.

"இதையும் எழுதிடு தம்பி" என்றார்.

நான் அறிக்கையில் எழுதவில்லை. எழுதினால் வாலை மாற்ற வேண்டும். சான்றிதழ் ஒரு வருடம் தள்ளிப்போகும். மேலதிகாரி என்னைப் பிடித்து உலுக்குவார். 'கணினிக் கோளாறு' என்று அந்த ஓட்டத்தையே தூக்கிவிட்டேன். கேப்டன் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. பிற்பகல் 3.42. பராமரிப்புக்காக சிமுலேட்டரின் மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். நான் மட்டும் வெளி மேசையில் இருந்தேன்.

டக்...

சிமுலேட்டரின் இன்டர்காம்.

"தம்பி, வால்ல பனி ஏறுது."

கேப்டன். எப்போது உள்ளே போனார்?

"மூக்கு தூக்க மாட்டேங்குது. பதினேழாவது ஓட்டம் மாதிரியே இருக்கு. அதை எழுதினியா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"எழுதிட்டேன் சார்."

மூச்சுச் சத்தம்...

"சரி. அப்ப வேற ஏதோ."

3.46. சத்தம் நின்றது.

ஏணியேறிக் கதவைத் திறந்தேன்.

இருட்டு.

யாரும் இல்லை.

இருக்கையைத் தொட்டேன்... ஐஸ் மாதிரி சில்லிட்டது.

நாலரைக்கு ஃபோன் வந்தது. குளிர்ப் பிரதேசத்தில் கேப்டன் ஓட்டிய அந்தப் புது விமானம் விழுந்துவிட்டது. நம் நேரப்படி 3.46க்கு. அவரும் துணை விமானியும் பிழைக்கவில்லை.

விசாரணையில் கறுப்புப் பெட்டியின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். கடைசி நான்கு நிமிடம் ரேடியோ வேலை செய்யவே இல்லையாம்.

"அதை எழுதினியா?"

அடுத்து... தெளிவாக... என் குரல்.

"எழுதிட்டேன் சார்."

அதிகாரி நிறுத்தினார். "உள்ள இருந்தது ரெண்டே பேர். இந்த மூணாவது குரல் யாரோடது?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்று முதலில் சொன்னது நான்தான்.