பிரியாணி நேரத்து நன்றியுரை

“நன்றியுரைக்கு உன்ன விட்டா ஆளே இல்லம்மா. ஆனா எம்.எல்.ஏ. சீட்டுன்னா... கூட்டத்த உட்கார வைக்கிற பேச்சு வேணும்ல?”

எங்கள் ஒன்றியச் செயலாளர் அண்ணன் சொன்னது. சட்டமன்றத்துக்குப் போக ஆசை என்று நான் வாய்விட்டுச் சொன்ன அன்று.

கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். நன்றியுரை கடைசி. சரியாக அப்போதுதான் பிரியாணி அண்டாவைத் திறப்பார்கள்! ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபத்தில் முதன்முதலாக மைக் பிடித்து, “அனைவருக்கும்...” என்றேன். அனைவரும் எழுந்து போய்விட்டார்கள்.

அனைவருமா? இல்லை. முதல் பந்தி ஆண்களுக்கு. இரண்டாம் பந்திக்காகப் பெண்கள் பின்வரிசையில் காத்திருந்தார்கள்.

நகக்கண்ணில் நடவுச் சேறு போகாத பெண்கள். என் அம்மாவின் நகமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் விரல் என்னுடையது — அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் பெருமை!

“நன்றியெல்லாம் இருக்கட்டும் பாப்பா. எங்க தெரு வாய்க்காப் பாலம் இடிஞ்சு கெடக்கே, புள்ளைங்க பள்ளிக்கூடம் எப்படிப் போவும்?” என்றார் ஓர் அக்கா.

அன்று அதைக் கேட்டுக்கொண்டேன். பிறகு, ஒவ்வொரு கூட்டத்திலும் நன்றியுரை எனக்கு. எதிரே அதே பெண்கள். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நான் ஜெயித்தபோது, ‘இவளுக்கு யார் ஓட்டுப் போட்டது?’ என்று கட்சியே முழித்தது. வேறு யார்... இரண்டாம் பந்திதான்! பாலமும் கட்டியாகிவிட்டது.

போன ஞாயிறு, அதே மண்டபம். வழக்கம்போல ஆண்கள் எழுந்து போனார்கள். மின்விசிறிகள் தூக்கத்தில் சுற்றுவதுபோலச் சுற்றின. ஜன்னலுக்கு வெளியே இளம்பயிர்மேல் வெயில் தண்ணீராக அசைந்தது. பேசிக்கொண்டே இருந்தேன்... மண்டபம் மெல்ல மெல்லச் சட்டசபை ஆகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் உறுப்பினர் இருக்கைகள். சபாநாயகராகப் பாலத்து அக்கா! வெற்றிலை மென்றபடி என்னைப் பேசச் சொல்கிறார். நான் எழுகிறேன். வாய்க்கால், நடவு, கூலி... ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

“எல போட்டாச்சு, வாங்க!” — சாப்பாட்டுக் கூடத்திலிருந்து குரல்.

கனவு கலைந்தது. அவ்வளவுதான், எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

“சோறு எங்க ஓடிப் போவுது? நீ பேசி முடி பாப்பா,” என்றார் பாலத்து அக்கா.

சாப்பிட்டு முடித்த அண்ணன், கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா, இன்னுமா முடியல?”

“கூட்டம் உட்கார்ந்திருக்குங்கண்ணே!”

மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறி, சீட் கேட்டு விருப்ப மனு கொடுத்துவிட்டேன். கிடைக்குமா? தெரியாது. ஆனால், என் முதல் பிரசாரக் கூட்டத்துக்கு அதே மண்டபத்தில் சொல்லி வைத்தாயிற்று. முதல் பந்தி பெண்களுக்கு.

நன்றியுரை — ஒன்றியச் செயலாளர் அண்ணன்!