வெள்ளையடித்த பீம்

மும்பை செம்பூரில் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கான்கிரீட் பீம்களை, அதாவது உத்தரங்களை, உடைத்துப் பார்ப்போம். உடைப்பதற்கு முன்னால் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். வெள்ளையில்தான் முடி போன்ற விரிசலும் கண்ணில் படும். சாகப் போகிறதுக்குப் பவுடர் பூசுகிறோம் என்று சிரித்துக்கொள்வோம்.

அன்றைக்குப் பீமின் நடுவில் பக்கவாட்டாக ஓர் இரும்புக் கையைப் பொருத்தி, அதன் நுனியில் ஜாக்கி வைத்து அழுத்தினோம். வளைவு, வெட்டு, முறுக்கு மூன்றும் ஒரே நேரத்தில். பக்கத்தில் சரிவாக ஒரு கோடு விழுந்தது. அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறியது. ஈர வேட்டியைப் பிழிந்தால் மடிப்பு சுற்றிக்கொண்டு ஓடுமே, அதேதான். அடேயப்பா! அப்படி முறுகியும் அது விழவில்லை. உள்ளே இருந்த கம்பி வளையங்கள் இழுத்துப் பிடித்திருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சட்டென்று நினைவு வந்தது. இதே கோட்டைத் தாராவியில் அக்கா வீட்டில், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

அங்கே மாடி அறையில், வாசலுக்கு மேலே ஒரு பீம். அதிலிருந்து அந்த இரும்புக் கை மாதிரியே வெளியே நீளும் சஜ்ஜா என்கிற சன்ஷேடு பலகையின் நுனியில் தண்ணீர் டாங்கி. அந்தச் சந்தில் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள், வேறு இடம் ஏது? போதாதென்று அத்தான் மேலே ஏற்றுவதற்கு இன்னும் பெரிய டாங்கி வாங்கி வந்து கீழே இறக்கி வைத்திருந்தார். பீமுக்கு அடியில்தான் பிள்ளைகள் படுப்பார்கள்.

நேரே அங்கே போனேன். "மொதல்ல மேல இருக்க டாங்கிய இறக்குங்க அத்தான்" என்றேன்.

"அரே, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அது பூச்சுல விழுந்த கீறல். வருசா வருசம் தீவாளிக்குப் புட்டிப் பசை வச்சு அடைச்சுப் பெயிண்ட் அடிக்கம்லா. எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலில் ஏறித் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். அக்கா கத்தினாள். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் சரிவான கோடு. அடியில் சுரண்டினேன், அங்கேயும் ஓடியது. அத்தான் தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டு, வெளியே ஏணி வைத்து மறுபக்கத்தைச் சுரண்டினார். கோடு அங்கேயும் ஏறியிருந்தது.

இறங்கியவர் முகம் வெளுத்திருந்தது. சந்துக்காரர்களைக் குடம் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டார். மாலைக்குள் டாங்கி காலியாகித் தரைக்கு வந்தது; பீமுக்கு இரும்பு முட்டும் கொடுத்தாயிற்று.

அக்கா ஸ்டூலில் ஏறி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது வருசா வருசம் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு, ஏட்டி. நாம பெயிண்ட் அடிச்சு மூடிட்டு, கீழயே புள்ளையளப் படுக்கப் போட்டிருக்கோம்" என்றாள். "அப்படியும் நம்மள விடாமப் புடிச்சிட்டு நின்னுருக்கு, பாரு."