ஐப்பசி ஈரமும் என் இன்குபேட்டரும்

காவிரிக் கரையில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரித்துக் கொடுக்கிறவளுக்கு முதல் எதிரி தண்ணீர். இரண்டாவது எதிரி, அவளுக்கு உதவி செய்ய வருகிறவர்கள். என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் இருந்தால், படித்துவிட்டு நீங்களும் நாலு வார்த்தை திட்டுங்கள். மனசு ஆறும்.

புத்தகத்தில் போட்டிருக்கிறது

பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி நடவு வயல். ஐப்பசி பிறந்தால் உப்பு ஜாடிக்குள்ளேயே கசியும்; பொரித்த அப்பளம் இலைக்கு வருமுன் நமுத்துப் போகும். இப்படிப்பட்ட ஊரில், பெட்டியோடு வந்த புத்தகத்தை நம்பி, பெட்டிக்குள் இருக்கிற தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினேன். முட்டைக்குள் இருக்கிற ஈரம் நாளுக்கு நாள் கொஞ்சம் வற்ற வேண்டும். அப்போதுதான் பருத்த முனையில் காற்றுக்கு இடம் உண்டாகும். குஞ்சு முதல் மூச்சு விடுவது அங்கேதான். இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

முழுசாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்திருந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே சளசளவென்று நீர். பெட்டி விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் துளிகூடப் பதறாமல் சொன்னார்: "நம்ம புக்குல தப்பு இருக்காதுங்க மேடம். உங்க ஊரு காத்துலதான் தப்பு."

கொடி கட்டிய அறை

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் தட்டைக் காலியாகவே விட்டேன். வயல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். குஞ்சுகள் ஒழுங்காக வந்தன.

இந்த ஐப்பசியில் அடுத்த தெரு நூர்ஜஹான் ஒரு கூடை முட்டையோடு வந்தாள். அவள் கணவர் குவைத்துக்குப் போகுமுன் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கோழியை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. அது கடைசியாக இட்ட முட்டைகள் இவை. அடையில் உட்கார்ந்தால் யாரையும் அண்டவிடாத கோழி, என் கையையே ஒருமுறை ரத்தம் வரக் கொத்தியிருக்கிறது. "இதுல ஒண்ணாவது வந்துரணும்க்கா" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், காற்றுக்கான இடம் வளரவே இல்லை. தட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழம்பிப் போய் நின்றபோது என் தோளில் ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். சுவருக்குச் சுவர் கொடி கட்டி, என் வீட்டுக்காரரின் வேட்டி, துண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் யூனிபார்ம் எல்லாம் தொங்கின. அந்த மழையில் வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதானாம். அத்தனை ஈரமும் பெட்டிக்குள் போயிருக்கிறது. எல்லாவற்றையும் உருவி முற்றத்தில் எறிந்தேன். அவர் வேட்டியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "சும்மா போற சூடுதானே? அதுல ரெண்டு வேட்டி காஞ்சா உன் முட்டைக்கு என்னடி குறைஞ்சு போச்சு?"

குவைத்திலிருந்து ஒரு பார்வை

கடைசி மூன்று நாள் எல்லாம் தலைகீழ். அப்போது தட்டில் தண்ணீர் வேண்டும். மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஓடிவிடும், ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகிக்கொள்ளும். அதனால் மூடிமேல் பெரிய எழுத்தில் "திறக்காதே" என்று எழுதி ஒட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மூடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. நூர்ஜஹான் செல்போனை முட்டைக்கு மேல் பிடித்திருக்கிறாள். விரிசல் விட்ட முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறவர், வேறு யார், என் வீட்டுக்காரர். பாய்ந்து மூடியைப் போட்டேன். என்ன பேசினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நூர்ஜஹானின் கணவர் போனிலிருந்து சொன்னார்: "தொறந்தது தப்புதாங்கக்கா. ரெண்டு வருசமா நான் எதையும் நேரா பாக்கல, அதான் ஆசப்பட்டுக் கேட்டுட்டேன்."

அதைக் கேட்டும் எனக்குக் கோபம் போகவில்லை.

கூடைக்குத் திரும்பியவை

ஐந்து குஞ்சுகள் வந்தன. இரண்டு தாயைப் போலவே சிவப்பு. இன்னும் மூன்று குஞ்சுகள் ஓட்டை உடைத்து அலகை வெளியே நீட்டியபடியே, சவ்வு இறுகிச் செத்துப் போயின. அவற்றைக் கொல்லையில் புதைத்தபோது அழுதேன். அழுகிறேனே என்றும் ஆத்திரம் வந்தது. ஐந்தையும் கூடையில் வைத்துக் கொடுத்தேன். நூர்ஜஹான் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிச் சொன்னாள்: "கோழியா இருந்தா சத்தமில்லாம பொரிச்சிருக்கும்க்கா. நீங்கதான் ஊரையே கூட்டிட்டீங்க."

பெட்டி சூடு கொடுக்கிறது, காற்றுக் கொடுக்கிறது, கிட்டே வருகிறவர்களைக் கொத்துவதற்கு அதற்கு அலகு இல்லாததால், அந்த ஒரு வேலையை மட்டும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.