பலாமரத்தின் வக்கீல்

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் விஜயதாஸ் வக்கீலுக்குக் கொலையும் தெரியாது, விவாகரத்தும் தெரியாது. மின்சாரம், குடிநீர்க் குழாய், சிறுதொழில் உரிமம், இவ்வளவுதான் அவருடைய உலகம். பக்கத்து நிலத்துக்காரர் சம்மதிக்காததால் மின்கம்பி வராமல் நின்ற நாற்பது வீடுகளுக்கு வழக்காடி வெளிச்சம் வாங்கிக் கொடுத்திருந்தார். பாறசாலைக்கு வெளியே மேட்டிலிருந்த தன் முற்றத்தில் அந்தியில் நின்றால் அவை ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். வழக்கு எண்ணைச் சொல்லி ஒவ்வொரு விளக்கையும் அடையாளம் காண்பார். அப்போது அவர் கையில் மண்ணெண்ணெய் விளக்கு இருக்கும். அவர் வீட்டில் மின்சாரம் இல்லை.

காரணமும் அவர்தான். 1991-ல், ஒரே ஒருமுறை, கம்பிக்கு எதிராக நின்றார், கீழ்வீட்டு ரத்னபாய்க்காக. மேட்டுமனைக்குக் கம்பி போக அவளுடைய பலாமரத்தின் கொம்பை வெட்ட வேண்டும். 'பழம் சந்தைக்கு, தழை ஆட்டுக்கு, ஆடு பாலுக்கு. ஆகவே இது மரமல்ல, ஒரு தொழில் நிறுவனம்' என்று மனு எழுதினார். மேட்டுமனைக்காரர் தோற்று, வெறுத்து, மனையை விற்றார். வாங்கியவர் விஜயதாஸ். நாற்பது வீட்டுக்குக் கொண்டுவந்தவனுக்குத் தன் வீடு ஒரு பொருட்டா என்று நினைத்துவிட்டார்.

நான்கு வருடம் போயிற்று. மனைவி லேகா மோட்டார் தையல் மெஷின் வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"ஓணத்துக்குள்ள கரண்டு வரல்லேன்னா மெஷினை எடுத்துட்டு காட்டாக்கடைக்கு அண்ணன் வீட்டுக்குப் போவேன். அங்க கடை போடுவேன். திரும்பி வரமாட்டேன் ஆக்கும்."

கொம்பை வெட்டச் சம்மதம் கேட்டு அவர் ரத்னபாயிடம் போனார்.

"எனக்கிட்ட கேக்காதீங்க சாறே. நீங்க எழுதினதை வேதப்புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கேன். அது செரியா, தப்பா?"

"அப்ப உள்ள நிலைமை வேற, அக்கா."

"பிலாமரம் அதே பிலாமரம்தான். தப்புன்னு ஒரு வரி எழுதித் தாருங்க. நாளைக்கே கொம்பை வெட்டட்டு."

மூன்று நாள் அவரால் எழுத முடியவில்லை. வாழ்நாளில் அவர் எழுதியதிலேயே அழகானது அந்த மனு. கனவில் மின்கம்பங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னைகளுக்கு நடுவே நடந்து வந்தன. பலாவடியில் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

நான்காம் நாள் காலை லேகா மெஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்து எழுதினார்: 'நான் எழுதியது தப்பு. மரம், மரம்தான்.' கையெழுத்தும் போட்டார்.

திருவோணத்துக்கு முந்தின அந்தியில் மேட்டு வீட்டில் பல்பு எரிந்தது. தோற்று அவர் பெற்ற ஒரே வெளிச்சம். உள்ளே மெஷின் ஓடியது. விஜயதாஸ் பல்பின் கீழே பழைய மனுவின் நகலை விரித்துக் கடைசி வரி வரை வாசித்தார்.

"செரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

லேகா மெஷினை நிறுத்தவில்லை.

"மெல்லச் சொல்லுங்க. ரத்னபாய் அக்காவுக்குக் கேட்டிரும்."