நாலு டயரிலும் காலி!

போன புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கார் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மஞ்சள் வெளிச்சத்தில், குதிரை லாடம் மாதிரி ஒரு படம். அதன் நடுவில் ஒரு ஆச்சரியக்குறி! இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு ஆச்சரியக்குறி போடுவதற்கு நான் எவ்வளவு யோசிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். கார் யோசிக்கவே இல்லை.

புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நானும் என் மனைவி சரளாவும். பதினெட்டு வருடமாக டெக்சாஸில் இருக்கும் அவள் தம்பி பாஸ்கர், மனைவி குழந்தைகளோடு சனிக்கிழமை வருகிறான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் திருமலைக்கு. அதற்காகப் புதுப் போர்வைகள் வாங்கப் பயணம்.

பாஸ்கர் போனில் கேட்டிருந்தான்: "மாமா, உங்க காரு மலை ஏறுமா? இல்ல... பெரிய டாக்ஸியா ஒண்ணு புக் பண்ணிடட்டா?"

அந்த 'இல்ல'வுக்கும் 'பெரிய'வுக்கும் நடுவே அவன் விட்ட இடைவெளி இருக்கிறதே... அது என் நெஞ்சில் இன்னும் அப்படியே இருக்கிறது.

கார் பழசுதான். பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் தம்பதியிடம் இருந்தது. அவர்கள் கனடா போனார்கள். கார் புத்தூர் வந்தது. தாராளமயமாக்கல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவர்கள் பறந்தார்கள். அவர்கள் விட்டுப் போன ஏழு வருடத்துக் காரில் நான் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். அதற்காக மலை ஏறாதா? "ஏறும்டா, நானே ஏத்திக் காட்டறேன்!" என்று சவால் விட்டாகிவிட்டது.

இப்போது வடமாலபேட்டை தாண்டுவதற்குள் லாடம்.

பதற்றத்தில் மனிதன் என்ன செய்வான்? புத்திசாலி என்றால் கையேட்டைப் படிப்பான். நான் ஏசியை அணைத்தேன். ரேடியோவை அணைத்தேன். கொஞ்சம் மூச்சையும் அடக்கிக்கொண்டேன். லாடம் அணையவில்லை. ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை தெரிந்தது. வண்டியைக் கொண்டுபோய் அதன் வாசலில் கிட்டத்தட்ட விழுந்தேன்.

கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, லாடத்தை எட்டிப் பார்த்து, "டயர் லைட்டு" என்று சொல்லி, கேஜை எடுத்து, நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக அளந்தார். எங்கள் பக்கத்து மனிதர். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி.

"நாலுலயும் காலி கீது சார்" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. நாலும் காலியா!

"காலியோட எப்படிப்பா திருப்பதி வரைக்கும் போறது?"

"காலியோடதான் சார் போவணும்" என்றார், என்னை ஏற இறங்கப் பார்த்து. "காலி இல்லாமத்தான் போவக் கூடாது."

இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். உடனே கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். ஒரு பெண் இனிமையாக, தெலுங்கில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தாள். லாடம் எரிந்தால் டயர் பிரஷர் சென்சார் கோளாறாக இருக்குமாம். நாலையும் செட்டாகத்தான் மாற்றுவார்களாம். முப்பத்து நாலாயிரம். சென்னையிலிருந்து பார்ட்ஸ் வரப் பத்து நாள்.

பத்து நாளா? பாஸ்கர் அதற்குள் வந்து, சாமி பார்த்து, லட்டு வாங்கி, டெக்சாஸுக்கே திரும்பிவிடுவான்.

"சரிம்மா, புக் பண்ணிடுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆம், திறந்துவிட்டேன். அதற்குள் போன் என் கையில் இல்லை. சரளா கையில் இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? காலின்னா காத்துங்க! நாலு டயர்லயும் காத்து கீதுன்னு சொல்றாரு அவரு."

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். தமிழில் காலி என்றால் ஒன்றுமே இல்லை. தெலுங்கில் காலி என்றால் காற்று. எழுத்தில் இரண்டும் ஒன்று; வாயில் தெலுங்குக் காலிக்கு முதல் எழுத்து கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். எங்கள் எல்லைப்புற வீடுகளில் இது ஒரு விஷயமே இல்லை. ஃபேனில் வந்தால் அது காத்து. டயருக்குள் போய்விட்டால் அது காலி. பிறந்ததிலிருந்து நானே அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் பயந்தவன் காதில் தடிப்பு விழுமா? விழாது. பயத்துக்கு ஒரே மொழிதான், அதில் எல்லாமே காலி.

பஞ்சர் கடைக்காரர் சிரித்துச் சிரித்து மீதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"காத்து இருக்குல்ல? அப்ப லைட்டு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவட்டும். வா போவலாம்" என்றேன், போன மானத்தைப் பொறுக்கிக்கொண்டே.

"அது எரியற வரைக்கும் நான் மலை ஏற மாட்டேன்" என்றாள் சரளா. "எங்க தம்பி புள்ளைங்களையும் ஏத்த மாட்டேன். கொண்டை ஊசி வளைவுல நெஜமாவே காத்து எறங்குனா எப்படித் தெரியும்? அதான் எப்பவும் எரிஞ்சிக்கினே கீதே!"

நியாயம்தான். நியாயமாகப் பேசும் மனைவியைவிட ஆபத்தான வாகனக் கோளாறு வேறு உண்டா?

கடைக்காரர் மனமிரங்கினார். "ரேணிகுண்டா ரோட்ல முனிரத்தினம் கடை கீது, சார். நம்ம நகரி ஆளு. மஸ்கட்ல பன்னெண்டு வருஷம் டயர் கடையில இருந்தவரு. அந்த சென்சாருக்குன்னே மிஷினு வெச்சிக்கினு கீறாரு. முப்பத்து நாலாயிரத்துக்கு என் கடையையே வாங்கிக்கலாம் சார் நீ!"

போனோம். முனிரத்தினத்துக்கு என் வயதுதான் இருக்கும். நான் நடந்ததையெல்லாம் சொல்ல, "பயப்படாதீங்க சார். உங்க வண்டிக்குக் காய்ச்சல் இல்ல. தெர்மாமீட்டர்தான் ஒடைஞ்சிருக்கு" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குப் பணம் கொடுத்திருப்பேன்.

டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவியை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் காற்றடைக்கும் வால்வு அருகே காட்டினார். பின்சக்கரம் இரண்டுக்கும் 'பீப்' என்றது. முன்சக்கரங்களுக்கு ஊமை.

"பின்னாடி ரெண்டும் நல்லாவே கீது. முன்னாடி ரெண்டுதான் பூட்ச்சி. நாலும் போச்சின்னு யாரு சொன்னது?"

முன்டயரைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சார்... இதுக்குள்ள யாரு கொத்தமல்லிச் சட்னி ஊத்தனது?"

சரளாவும் என்னைப் பார்த்தாள்.

வாசகர்களே, இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? இரண்டு மாதம் முன்பு ஒரு பொருட்காட்சியில், மைக் வைத்துக்கொண்டு ஒருவர் பச்சைத் திரவம் விற்றார். டயருக்குள் ஊற்றினால் ஆயுசுக்கும் பஞ்சர் ஆகாதாம். வாங்கினேன். வீட்டுக்குத் தெரியாமல் ஊற்றினேன். அது சென்சாரின் மூக்குத் துவாரத்தை அடைத்து, காய்ந்து, கல்லாகி உட்கார்ந்திருக்கிறது.

"கழுவிப் பார்க்கலாமா?" என்றேன் பரிதாபமாக.

கழுவினார். துடைத்தார். ரிமோட்டைக் காட்டினார். ம்ஹும்.

"நல்ல வேளை சார், ரெண்டு டயருக்கு மட்டும் ஊத்தனீங்க. நாலுக்கும் ஊத்தியிருந்தா நாலும் போயிருக்கும். ஏன் ரெண்டோட நிறுத்திட்டீங்க?"

ஏன் நிறுத்தினேன்? நாலு பாட்டிலுக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. அதனால்தான். முட்டாள்தனத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வைத்தது என் கஞ்சத்தனம். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் சரளா அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். அது போதும் எனக்கு.

முனிரத்தினம் பெட்டியிலிருந்து கட்டைவிரல் அளவு சென்சார்கள் இரண்டை எடுத்தார். எந்தக் காருக்கும் பொருந்துகிற வகை. பழைய சென்சாரின் முதுகில் அச்சிட்டிருந்த நம்பரைப் பார்த்து, அதையே புதுசுக்கு ஏற்றினார். "வண்டிக்கு ஆளு மாறுனதே தெரியாது சார்." சட்னியைச் சுரண்டி எடுத்து, டயரை மாட்டி, காற்றடித்து, பேலன்ஸ் பார்த்தார். ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். ரேணிகுண்டா ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை...

லாடம் அணைந்தது!

சென்சார் ஒன்று ஆயிரத்து எண்ணூறு. கூலி அறுநூறு. மொத்தம் நாலாயிரத்து இருநூறு.

முப்பத்து நாலாயிரம் எங்கே, நாலாயிரம் எங்கே! ஆண்டிப்பட்டி ஜமீனை மீட்டவன் மாதிரி கடையை விட்டு வெளியே வந்தேன். அந்த ஜமீன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடை அப்படி இருந்தது. "பின்னாடி ரெண்டுக்கும் வயசாயிடிச்சி. டயர் மாத்தறப்ப சேத்து மாத்திக்கலாம், இப்ப வேணாம்" என்று வேறு சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

வெற்றியை டெக்சாஸுக்குச் சொல்ல வேண்டாமா? காரில் உட்கார்ந்தபடியே வாட்ஸ்அப்பில் தட்டினேன்: "மாப்ளே, நாலு டயரிலும் காலி. ஏர்போர்ட்டுக்கு மாமாவே வருகிறேன். மலைக்கும் இதே கார்தான்!"

அங்கே நடுராத்திரி. ஆனாலும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான் போல, ஐந்தே நிமிடத்தில் பதில்: "மாமா, தயவு செஞ்சி வேணாம். டாக்ஸி புக் பண்ணிட்டேன்."

திகைத்துப் போனேன். என் மெசேஜை நானே மறுபடி படித்தேன். நாலு டயரிலும்... காலி.

காலையில் நான் விழுந்த அதே பள்ளத்தில் மச்சானைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்! அதுவும் குரலில்லாமல், வெறும் எழுத்தில். தடிப்பைக் காட்டத் தமிழ் எழுத்தில் வழி ஏது?

சரளா போனை வாங்கி வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "டேய் பாஸ்கரு, அது நம்மூட்டு காலிடா! பஞ்சர் கடை காலி! பதினெட்டு வருஷத்துல அதையும் மறந்துட்டியா? டாக்ஸிய கேன்சல் பண்ணு."

இந்த முறை பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. கூடவே, "சாரி மாமா."

ஞாயிற்றுக்கிழமை காலை அலிபிரி தாண்டி மலை ஏறினோம். நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் பாஸ்கர். பின்னால் மற்றவர்கள், மடியில் குழந்தைகள். வளைவுக்கு வளைவு நான் ரோட்டைப் பார்த்தேன். அவன் ஸ்கிரீனில் நாலு சக்கரத்தின் காற்றழுத்த எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்றும் அசையவில்லை. லாடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே போய்ச் சேர்கிற சமயத்தில் மெதுவாகச் சொன்னான். "போன வருஷம் என் காருலயும் இதே லைட்டு எரிஞ்சிது மாமா."

"அப்படியா? என்ன பண்ணே?"

"டீலர்கிட்ட விட்டேன். நாலையும் மாத்தணும்னான்..."

"எவ்ளோ ஆச்சு?"

பாஸ்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மரங்கள் ரொம்ப அழகாக இருக்கின்றன என்றான்.

பின்சீட்டில் சரளா சிரித்தது எனக்குக் கேட்டது. இந்த முறை என்னைப் பார்த்து அல்ல.

ஆக, என் டயர்களில் காலி. என் பர்ஸ் காலி இல்லை. எது எந்தக் காலி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸ்காரர்கள் மட்டும் போன் செய்து கேட்டுக்கொள்ளவும்!