திறந்தே இருந்த வலது கண்

எழுபதுகளின் கடைசியில், திருச்சியில் நான் தாவரவியல் படித்தபோது, பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் அவர். பெயர் தெரியாது. ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. மைக்ராஸ்கோப்பில் இடது கண்ணை வைக்கும்போது வலது கண்ணை மூடவே மாட்டார். அது எதிரே நிற்பவளையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு முன்னால் நின்றவள் அந்தக் கண்ணுக்குப் பயந்தே அழுதுவிட்டாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை பஸ்ஸில் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. சூரியகாந்தித் தண்டை மெல்லிசாகச் சீவும்போது பிளேடு விரலில் இறங்கிவிட்டது. தெரிந்தால் மார்க் போய்விடும் என்று, விரலைத் தாவணியில் சுற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் என் ஸ்லைடின் மேல் குனிந்தார். வலது கண் என்மேல் நின்றது.

“உள்ளே கேம்பியம் திசு வளர்ந்தா தண்டு என்ன ஆகும்?”

“பருக்கும் சார்.”

“மேல்தோல்?”

“தாங்காது சார். கிழிஞ்சிடும்.”

“அப்புறம்?”

“உள்ளேருந்து கார்க் பட்டை வந்து மூடிக்கும் சார்.”

“தண்டு மூடிக்கும். நீ போய் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கம்மா” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

வலது கண் என்னைப் பார்த்ததா, இடது கண்ணுக்கு ஸ்லைடில் என் ரத்தம் தெரிந்ததா, இன்றுவரை புரியவில்லை. இப்போதும் ரத்தம் கொடுக்கப் போகும் லேபில் யாராவது மைக்ராஸ்கோப்பில் குனிந்தால், நீட்டிய என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.