பாறை மேல் காய்ந்த பனியன்

மண்ணரையில் நான் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர். நரைத்த மீசை, வலது காது கேட்காது. வேலிக் கம்பியில் யாராவது வெள்ளைத் துணி காயப்போட்டால் உடனே எடுத்துக்கொண்டுபோய் உள்ளே விரிப்பார்.

ஒருநாள் என் துண்டையும் எடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, அது வெயில்ல காஞ்சா உங்களுக்கு என்னங்க?"

அவர் துண்டை மடித்தபடியே சொன்னார்: "மலை மேல ஒளிஞ்சிருந்தமுங்க. ஒரு வாரமா எங்க இடம் எதிரிக்குத் தெரியலீங்க. அன்னிக்கு வெயில் அடிச்சுதுன்னு ஒருத்தன் பனியனைத் தொவச்சுப் பாறை மேல போட்டுட்டான். அரை மணி நேரத்துல குண்டு உழுந்துச்சுங்க. நாலு பேரு போயிட்டாங்க."

"பனியனைக் காயப்போட்டவருங்க?"

"அவனும் போயிட்டானுங்க. பட்டாளத்துல குடுக்கறது பச்சைப் பனியன். அது எனக்கு எங்க ஊட்டுல இருந்து அனுப்புன நம்மூரு வெள்ளைப் பனியனுங்க. எனக்குக் காய்ச்சல்னு அவன் தொவச்சுக் குடுத்தான்."

அன்று மாலை வெள்ளைப் பனியன் பெட்டிகளோடு லாரி கிளம்பியது. அவர்தான் கேட்டைத் திறந்துவிட்டார். வேறெங்கும் வேலை கிடைக்காமலா இந்தப் பனியன் கம்பெனியில் வந்து உட்கார்ந்தார்? அதைக் கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.